கம்மாபுரத்து வெப்லி

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்ததால் 'ரெவொல்வேர்' என்றே சொல்லிப் பழகியவன் நான். அதை முதன்முதலில் கையில் எடுத்தது, ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்தபோதுதான். கம்மாபுரம் பக்கத்து அம்மா ஒருவர், காலமான கணவரின் 32 போர் வெப்லியை மஞ்சள் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

பழைய கோல்ட் ரகத்தில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே சுட முடியும். 1856இல் இங்கிலாந்தில் பியூமான்ட் காப்புரிமை பெற்ற 'டபுள் ஆக்‌ஷன்' அமைப்பில் அப்படியும் சுடலாம். விசையை மட்டும் அழுத்தினாலும் போதும், தோட்டா உருளை சுழன்று, சுத்தியல் எழுந்து விழும். 1857 கிளர்ச்சியின்போது ஆங்கில அதிகாரிகள் பலர் வைத்திருந்த பியூமான்ட்-ஆடம்ஸ் அந்த வகைதான். பிரான்சின் 1892 மாடலில் உருளை வலப்பக்கம் திறக்கும். வெப்லியோ நடுவில் மடங்கும். காலித் தோட்டாக்கள் தாமாக வெளியே வரும். கான்பூர் தொழிற்சாலையின் 32 போர் ரிவால்வரும் வெப்லியின் வழி வந்ததே.

"அவர் ஞாபகமா அலமாரியில வச்சுக்கறேனே, சார்" என்றார் அந்த அம்மா. பழம்பொருளானாலும், பழுதுபார்த்தாலும் சுட முடியாததற்கே 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு. இதுவோ எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவர் பேணிய அருமையே தடையாகிவிட்டது. தம் பேரில் உரிமம் எடுக்க அந்த அம்மாவுக்கு விருப்பமில்லை. காவல் நிலையத்தில் ஒப்படைக்க மனு எழுதிக் கொடுத்தேன்.

"இந்தத் தோல் உறைய மட்டுமாவது வச்சுக்கலாமா?"

"அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்மா" என்றேன்.