மொரீசியஸ்: கடற்கரைக்கு அப்பால் இரண்டு நாட்கள்

விடுமுறைக்கு மொரீசியஸ் தீவுக்குச் செல்லலாமா என்று புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாகச் செல்லுங்கள் என்பதே எனது பதில். மே முதல் ஒக்டோபர் வரை வெயிலின் கடுமை தணிந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளி அச்சம் உண்டு. தீவின் பெரும்பகுதியைப் பவளப் பாறைகள் அரண்போலச் சூழ்ந்திருப்பதால் உட்புறக் கடல் குளம்போல அமைதியானது. இவற்றை எந்தச் சுற்றுலா முகவரும் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதையே நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. அதற்கு அண்மையிலுள்ள கிராண்ட் போர்ட் குடாவில்தான் 1598 இல் ஒல்லாந்தர் வந்திறங்கி, தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். 1710 இல் அவர்கள் தீவைக் கைவிட்டுச் சென்றபோது டோடோ பறவை அழிந்துபோயிருந்தது. 1715 இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1810 ஓகஸ்டில் இதே குடாவில் அவர்கள் பிரித்தானியக் கடற்படையைத் தோற்கடித்தனர். அந்த வெற்றியின் பெயர் பாரிஸ் நகரின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அதே ஆண்டு டிசெம்பரில் தீவு பிரித்தானியர் வசமாயிற்று.

தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலை 556 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் ஆடம்பர விடுதிகளும் வெண்மணற் கடற்கரையும் உள்ளன. கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய ஆபிரிக்க, மடகஸ்கார் அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை இது. 1835 பெப்ரவரி முதலாம் திகதி அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்லப் படையினர் மலையேறியபோது, தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று எண்ணி அவர்கள் பாறையிலிருந்து குதித்து உயிர்விட்டனர் என்பது மக்கள் வாய்வழியாகக் காத்துவந்த நினைவு. விடுதலைக்கான நட்டஈடாக இரண்டு மில்லியன் பவுண்டுக்கும் அதிகமான பணத்தைப் பிரித்தானிய அரசு வழங்கியது. அது அடிமைகளுக்கல்ல, அவர்களின் உடைமையாளர்களுக்கு!

அடிமைகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப இந்தியர் கொண்டுவரப்பட்டனர். தலைநகர் போர்ட் லூயிஸின் துறைமுகத்தில் 1849 இல் அமைக்கப்பட்ட ஆப்ரவாசி காட் என்னும் குடியேற்ற நிலையத்தின் எஞ்சிய பகுதிகளை இன்றும் காணலாம். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் இத்தீவுக்கு வந்தனர். கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களைப் போலவே சென்னைத் துறைமுகமும் அவர்களை அனுப்பியது. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, லா பூர்தொனே ஆளுநராயிருந்த காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் இந்நகரைக் கட்டியெழுப்ப உழைத்திருந்தனர்.

விமான நிலையத்தில் நீங்கள் மாற்றிக்கொள்ளும் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் காண்பீர்கள். 1998 இல் வெளியான நோட்டுகளில் தமிழின் இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அந்த நோட்டுகள் மீளப்பெறப்பட்டன. இத்தனைக்கும் அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழியே. தைப்பூசக் காவடி அங்கே அரச விடுமுறை நாள்.

இவ்விடத்தில் எமது தீவை நினையாதிருக்க முடியவில்லை. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே பேரரசின் கீழ், தென்னிந்தியத் தமிழர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். 1948 இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டில் இயற்றிய பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1968 இல் சுதந்திரம் பெற்ற மொரீசியஸில் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாக்குரிமையுள்ள குடிமக்களாகவே புதிய நாட்டுக்குள் நுழைந்தனர்; முதற் பிரதமர் ராம்கூலம் ஓர் ஒப்பந்தத் தொழிலாளரின் மகன். அங்கே குறையே இல்லை என்று நான் கூறவில்லை. அடிமைகளின் சந்ததியினர் இன்றும் பின்தங்கியிருப்பதை அந்நாட்டின் உண்மை மற்றும் நீதி ஆணைக்குழுவே 2011 இல் எடுத்துக்காட்டியது. ஆனால் அத்தகைய ஆணைக்குழு ஒன்றை அமைத்துத் தன் கடந்த காலத்தைத் தானே விசாரிக்கும் துணிவு அச்சிறு நாட்டுக்கு இருந்தது.

ஆகவே ஒரு வாரம் தங்குவோர் ஐந்து நாட்களைக் கடலுக்குக் கொடுங்கள். ஒரு நாள் லெ மோர்னுக்கு. மற்றொரு நாள் போர்ட் லூயிஸுக்கு. உங்கள் குடும்பத்தில் எவரேனும் அந்நாளில் அங்கு சென்றதாகக் கதையிருந்தால், மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் பேணப்படுகின்றன. வந்தவரின் பெயர், வயது, ஊர், கப்பல் என்று எழுதிவைத்த அப்பக்கங்களில் உங்கள் ஊரின் பெயரும் இருக்கக்கூடும்.