நாலு பசங்களும் என் பொட்டியும்

மக்களே, போன சனிக்கிழமை ராத்திரி எங்க ஸ்கார்பரோ பேஸ்மெண்ட்ல நெட் படுத்துடுச்சு. முழுசா படுக்கலை, அதுதான் கடுப்பு. 8.8.8.8-க்கு பிங் போகுது, தளத்தோட பேரை அடிச்சா போகலை. உபுண்டுல ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து நேம்சர்வரை மாத்தினேன். பொட்டியை அணைச்சுப் போட்டா திரும்பவும் 127.0.0.53! அந்தக் கோப்பை இப்பல்லாம் சிஸ்டம்டி தானே எழுதிக்குதாம், நம்ம கை வேலை நிக்காது. கடைசியில நெட்வொர்க் மேனேஜர்ல போய் மாத்தினதும் சரியாச்சு. தூக்கம் போனதுதான் போச்சு, இந்தக் கோப்போட பூர்வீகம் என்னன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

1970களில் அர்ப்பாநெட்டுக்கு டிஎன்எஸ்ஸே கிடையாது. இருந்தது ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்கிற ஒரே ஒரு கோப்பு. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மாவோட குழு அதைப் பராமரித்தது. புதுப் பொட்டி வாங்கினா அவங்களுக்குச் சொல்லணும், அவங்க சேர்ப்பாங்க, மத்தவங்க எல்லாரும் கோப்பை இறக்கிக்கணும். கிட்டத்தட்ட நம்ம ஊர் மளிகைக்கடை அக்கவுண்ட் நோட்டு. உங்க லினக்ஸ்ல ஹோஸ்ட்ஸ்னு ஒரு கோப்பு இருக்கே, அந்த நோட்டோட வாரிசுதான் அது. இன்னிக்கும் பொதுவா அதைப் பார்த்துட்டுத்தான் பொட்டி வெளியே கேட்கவே போகும்.

பொட்டிகள் பெருகப் பெருக நோட்டு தாங்கலை. 1983ல் பால் மாக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பட்டியலைப் பிரிச்சு, அவங்கவங்க பகுதியை அவங்கவங்களே பார்த்துக்கட்டும்னு விட்டதுதான் அதில் விசேஷம்.

அதை யுனிக்ஸுக்குக் கொண்டுவந்தது யாருன்னு நினைக்கிறீங்க? 1984ல் பெர்க்லியில் படிச்சிட்டிருந்த நாலு பசங்க! டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சோங்நியன் ஜோ. டார்ப்பா பணத்தில் அவங்க எழுதினதுதான் பைண்ட். லினக்ஸில் கிளிப்சிக்குள்ள பேரைத் தேடுற பகுதி அந்த பைண்ட் வம்சம்தான். நான் ராத்திரி பூரா திட்டினது இவங்க சரக்கைத்தான் போல.

நாலாவது பேரைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோங்நியன் ஜோ அப்புறம் வந்து சேர்ந்தது நம்ம டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு, பேராசிரியரா! இங்கே பல பொட்டிகளுக்கு வேலையைப் பங்கு போடுற மென்பொருளை ஆராய்ந்து, 1992ல் பிளாட்ஃபார்ம் கம்ப்யூட்டிங்னு கம்பெனி தொடங்கினார். 2012ல் ஐபிஎம் அதை வாங்கியது.

பைண்ட் எழுதினப்போ அவரும் என்னை மாதிரி மாணவர்தான். எனக்கு வியாழக்கிழமை ப்ராஜெக்ட் டெமோ, இன்னும் கம்பைலே ஆகலை. வரட்டா...