எச்.சி.எல்.: ஒரு முன்னோடியின் பின்னடைவு
இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடாரும் அவருடைய தோழர்களும் 1976-இல் தொடங்கிய எச்.சி.எல்., நுண்செயலியால் இயங்கும் சிறு கணினியாகிய '8சி'யை 1978-இல் உருவாக்கி, ஐ.பி.எம். விலகிய இந்தியச் சந்தையில் முன்னோடியாக நின்றது. பின்னாளில் 'பீன்ஸ்டாக்' என்னும் வீட்டுக் கணினியையும் விற்றது.

ஆயினும் கணினியின் மூளையாகிய செயலி, பினாங்கில் 1972-இல் ஆலை அமைத்த இண்டெல் போன்ற அயல்நாட்டு நிறுவனங்களிடமிருந்தே வந்தமையால், 1991-க்குப் பின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்தபோது, அதே உறுப்புகளை வாங்கிப் பொருத்தி விற்ற சிறுகடைகளும், உலகளவில் மொத்தக் கொள்முதல் செய்த டெல், எச்.பி., லெனோவோ ஆகியவையும் விலையில் அதனை முந்தின. குழுமத்தின் நாட்டம் மென்பொருள் சேவைக்குத் திரும்பியதையும் முதன்மைக் காரணமாகவே கொள்ள வேண்டும். தொடக்ககால வன்பொருள் துணிவு தொடராமற்போனது பேரிழப்பே. எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் 2013-இல் கணினி உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது.