எகிப்தின் கடன் ஆணையம் (1876–1940)
எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் ஐரோப்பியக் கடன்களைக் கட்ட முடியாமல் திணறியபோது, கடன் கொடுத்தோர் நலன்காக்க 1876இல் நிறுவப்பட்ட அமைப்பு. சில மாகாணங்களின் வரியும் சுங்க வருவாயும் நேரே இதன் கைக்குப் போயின. இஸ்மாயிலின் ஊதாரித்தனமே எல்லாவற்றுக்கும் காரணம் என்பார் உண்டு. அரண்மனை ஆடம்பரம் பொய்யல்ல. ஆனால் 1873ஆம் ஆண்டுக் கடனில் பத்திரத்தில் எழுதியது 3.2 கோடி பவுன், கைக்கு வந்ததோ ஏறக்குறைய 2 கோடிதான். வட்டி மட்டும் முழுத் தொகைக்கு! 1875இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டனுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பவுனுக்கு விற்றும் பள்ளம் தூரவில்லை. இந்தக் கடன் விவகாரம் வெறும் வணிகத் தகராறு என்றால், 1879இல் வல்லரசுகளின் நெருக்குதலால் எகிப்தின் மேலாட்சியாளரான ஒட்டோமான் சுல்தான், இஸ்மாயிலைப் பதவிநீக்கியதை விளக்க இயலாது. ஐரோப்பியத் தலையீட்டை எதிர்த்து இராணுவ அதிகாரி உராபி நடத்திய எழுச்சியை அடக்க 1882இல் வந்த பிரிட்டிஷ் படை அங்கேயே தங்கிவிட்டது. ஆணையம் 1940 வரை நீடித்தது.