சப்பாத்துக்குக் காவல் இருக்கும் பிள்ளை: ஆரம்பப் பிரிவில் எல்லோருக்குமான உடற்கல்வியும் நடனமும்

ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. உட்படுத்தல் கல்வி பற்றிப் பேசுவோர் அதன் 24 ஆவது உறுப்புரையைத்தான் எடுத்துக்காட்டுவர். பாடசாலையில் நடக்கும் விளையாட்டிலும் வலுவிழப்புள்ள பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்குபற்ற வேண்டும் என்று சொல்லும் 30 ஆவது உறுப்புரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பொரளைப் பக்கம் நான் போன ஒரு பாடசாலையில், காலில் தாங்கி அணிந்த சிறுமியொருத்தி உடற்கல்விப் பாடவேளையில் மற்றவர்களின் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தாள். விழுந்தால் யார் பதில் சொல்வது என்பது ஆசிரியையின் பயம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரேயொரு ஆசிரியை, சின்ன முற்றம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பொரளையிலேயே இருக்கும் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இப்படியான பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிப்போவது அவர்கள் அசைந்து பழக வேண்டும் என்பதற்காகத்தான்.

பிரித்தானிய உடற்கல்வி ஆசிரியர்களிடையே பழக்கத்தில் உள்ள ஒரு வழி எளிமையானது. விளையாட்டைக் கைவிடாமல் இடம், செயல், உபகரணம், ஆட்கள் ஆகிய நான்கில் ஒன்றை மாற்றிப் பார்ப்பது. பந்தை பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டினால் சரசரக்கும். பார்வை குறைந்த பிள்ளை அது வரும் திசையை அறிவாள். பந்துக்குப் பதில் பலூன் என்றால் அது மெதுவாக இறங்கும், கை தாமதிக்கும் பிள்ளைக்கும் நேரம் கிடைக்கும். எல்லோரும் நிலத்தில் இருந்தபடி கயிற்றுக்கு மேலால் பலூன் தட்டினால், நடக்க முடியாத பிள்ளை தனியாகத் தெரியமாட்டாள். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

நடன வகுப்பில் சிக்கல் முதல் நாளே வருகிறது. பரதநாட்டியத்தை அரைமண்டியில் தொடங்கினால், அரைமண்டி இருக்க முடியாதவள் அன்றே வெளியே. அபிநயதர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28 சொல்கிறது. அவற்றைக் கதிரையில் இருந்தே பழகலாம். சொற்கட்டை மேசையில் தட்டலாம். காது கேளாத பிள்ளைக்குச் சீமெந்துத் தரையைவிட மரவாங்கு நல்லது. தட்டுக்கழியின் அதிர்வு கைக்கு எட்டும்.

இங்கே முன்னுதாரணமும் உண்டு. சுனேத்ரா பண்டாரநாயக்க 2000 இல் ஆரம்பித்த சுனேரா மன்றம், வலுவிழப்புள்ள இளையோருக்கு நடன, நாடகப் பட்டறைகளை நடத்திவருகிறது. லண்டனில் 1980 இல் அமீசி நடனக் குழுவை உருவாக்கிய வூல்ஃப்காங் ஸ்டாங்கேயின் முறை அதற்கு அடித்தளம். அவர் அசைவைத் திணிப்பதில்லை. பங்குபற்றுபவரிடம் ஏற்கெனவே இருக்கும் அசைவிலிருந்து ஆட்டத்தைக் கட்டுகிறார். பரிசளிப்பு விழாவுக்கு ஒரே அச்சில் பிள்ளைகளை வார்க்கும் நம் பழக்கத்துக்கு இது நேரெதிர். (தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கினால் அந்த அச்சுக்கும் நேரமில்லை என்பது வேறு கதை.)

பெற்றோர் ஒன்று செய்யலாம். வைத்தியசாலையில் ‘என்ன செய்யக்கூடாது’ என்று மட்டும் கேட்காமல், பிள்ளை எதையெல்லாம் செய்யலாம் என்பதை இயன்மருத்துவரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியை அந்த ஆசிரியை இனித் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.