விசைப்பலகையில் இல்லாத எழுத்து

கணினி விசைப்பலகையில் எழுத்தும் எண்ணும் குறியும் பதிக்கிற விசைகள் ஏறத்தாழ 50 இருக்கும். எழுதுகிறவருக்கு வேண்டிய குறிகள் அதற்குள் அடங்குவதில்லை. வெப்பநிலைக்குப் பாகைக் குறி, சமன்பாட்டுக்குக் கிரேக்க எழுத்து, பிரெஞ்சுப் பெயருக்கு உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு, விலைப்பட்டியலுக்கு ரூபாய்க் குறி என்று ஏதாவது ஒன்று வெளியே நிற்கும். இந்தச் சிறப்புக் குறிகளைப் பக்கத்துக்குள் கொண்டுவரப் பல வழிகள் வந்துபோயின. எல்லா வழியிலும் எதையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சுமை மனிதரிடமிருந்து மெல்லக் கணினிக்குக் கைமாறியிருக்கிறது, இன்னும் முழுதாக மாறவில்லை.

தட்டச்சுப்பொறிக் காலத்து வழி, ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பது. பழைய பொறிகள் பலவற்றில் ஆச்சரியக்குறிக்குத் தனி விசை கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி, ஓரிடம் பின்னுக்கு வந்து, அதன் அடியில் முற்றுப்புள்ளி வைத்தால் ஆச்சரியக்குறி ஆயிற்று. பிரெஞ்சுப் பொறிகளில் இதற்கு மேல் ஒரு படி ஏறி நகரா விசையை வைத்தார்கள். அதை அடித்தால் குறி தாளில் விழும், தாளைத் தாங்கிய கேரேஜ் நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். யாழ்ப்பாணத்துக்காரரான இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியும் இந்த உத்தியால்தான் தமிழைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்கியது. ‘கி’ வேண்டுமென்றால் முதலில் கொக்கி, பிறகு ‘க’. ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளி. கையால் எழுதும்போது பின்னால் வருவது பொறியில் முன்னால் வந்தது. டைப்ரைட்டிங் படிக்கப் போனவர்களின் விரல்கள் அதற்குப் பழக வேண்டியிருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த செலக்ட்ரிக் பொறியில் எழுத்துகள் ஒரு சிறு பந்தின் மேல் இருந்தன. பந்தைக் கழற்றிக் கிரேக்க எழுத்துப் பந்தை மாட்டலாம். அந்த வசதி இல்லாத இடங்களில் சமன்பாட்டுக்கு இடம்விட்டு, பிறகு பேனாவால் எழுதினார்கள்.

கணினிக்கு வந்தபோது, ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கிற வசதியும் போயிற்று. 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டில் மொத்தம் 128 இடங்களே. அதன் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், எழுத்தின் மேல் அடித்து உச்சரிப்புக் குறியாக்கலாம் என்ற எண்ணமும் சேர, பின்சாய்ந்த ஒரு சிறு கோட்டுக்கு இடம் தந்தார்கள். தாளில் இது சரிப்படும். திரையில் பின்னுக்கு வந்து இன்னொன்றைத் தட்டினால் முதல் குறி அழிந்துவிடுகிறது. அந்தக் கோடு இன்றும் பெரும்பாலான விசைப்பலகைகளின் இடது மூலையில், எஸ்கேப் விசைக்குக் கீழே, நிரலாளர்களைத் தவிர யாரும் அதிகம் சீண்டாமல் உட்கார்ந்திருக்கிறது. அது மீண்டும் இந்தக் கதையில் வரும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசி 256 குறிகள் கொண்ட அட்டவணையோடு வந்தது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்து, வலப்பக்க எண் விசைகளில் அந்தக் குறியின் எண்ணைத் தட்ட வேண்டும். பாகைக்கு 248, அரைக்கு 171. அலுவலகங்களில் கணினி ஓரத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டுகளுக்கு இந்த எண்களே காரணம். விண்டோஸ் தன் சொந்த அட்டவணையைக் கொண்டுவந்ததும் குழப்பம் இரட்டித்தது. பழைய எண்கள் செல்லுபடியாகவே இருக்க, புதிய எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கச் சொன்னார்கள். புதிய கணக்கில் பாகை 0176. பூஜ்யத்தை மறந்து 176 என்று தட்டினால் பாகைக்குப் பதில் புள்ளி புள்ளியாக ஒரு கட்டம் வந்து நிற்கும். எண் விசைகள் தனியாக இல்லாத மடிக்கணினிகளில் இந்த வழியே அடைபட்டது. இத்தனை அசௌகரியமான முறை 40 ஆண்டுகள் தாண்டியும் விண்டோஸில் உயிரோடிருக்கிறது என்றால், ஒருமுறை மனப்பாடமான எண்ணை விரல்கள் எளிதில் விடுவதில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எண்ணை நம்பாமல் வடிவத்தை நம்பிய முறைகளும் அதே ஆண்டுகளில் பிறந்தன. டிஇசி நிறுவனம் 1983-இல் வெளியிட்ட விடி220 முனையத்தின் விசைப்பலகையில் ‘கம்போஸ்’ என்றொரு விசை இருந்தது. அதைத் தட்டி, ஓர் எழுத்தையும் அதன் மேல் வர வேண்டிய குறிக்கு ஒப்பான ஒன்றையும் தட்டினால் இரண்டும் இணைந்து வரும். பார்த்தால் எப்படி இருக்கிறதோ அப்படித் தட்டினால் போதும். பிற்காலத்தில் சன் கணினிகளும் லினக்ஸும் இதை எடுத்துக்கொண்டன. மற்றெல்லா முறைகளையும்விட இதுவே கெட்டிக்காரத்தனமானது. ஆனால் விண்டோஸில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. 1984-இல் வந்த மெக்கின்டாஷ், ஆப்ஷன் விசையோடு வேறொரு விசையைச் சேர்த்துத் தட்டச் சொன்னது. எந்த விசையில் என்ன ஒளிந்திருக்கிறது என்று திரையிலேயே காட்டும் ‘கீ கேப்ஸ்’ என்ற சிறு நிரலும் உடன் வந்தது.

சொற்செயலிகள் சன்னல் திறந்து குறிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டத் தொடங்கியதும் மனப்பாடம் தேவையற்றுப் போனது. வேர்டு செயலியின் ‘சிம்பல்’ பெட்டி அப்படிப்பட்டது: தேடிப் பிடித்துச் சொடுக்கினால் குறி ஆவணத்தில் விழும். இதில் மறைந்திருந்த பள்ளம் எழுத்துருக்களில் இருந்தது. ‘சிம்பல்’ எழுத்துருவில் ஆல்பாவாகத் தெரிந்தது, உள்ளே ஆங்கிலத்தின் முதல் எழுத்துதான். ஆல்பாவின் முகமூடி போட்டிருந்தது. எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991-இல் வந்தபின் இந்தத் தந்திரம் ஒழிந்திருக்க வேண்டும். 2010-இல் அது மறுபடி தலைகாட்டியது. அவ்வாண்டு ஜூலை 15 அன்று உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அரசு ஏற்றது. ஒருங்குறியில் அதற்கு இன்னும் இடமில்லை, எந்த விசையிலும் அது இல்லை. சில நாட்களுக்குள் மங்களூர் நிறுவனம் ஒன்று இலவச எழுத்துரு வெளியிட்டது. இடது மூலையில் கிடந்த பின்சாய்ந்த கோட்டு விசையில் அது ரூபாய்க் குறியை ஏற்றியிருந்தது. எழுத்துரு உள்ள கணினியில் ₹ 500 என்று தெரிந்த தொகை, இல்லாத கணினியில் வெறும் கோட்டோடு ` 500 என்று நின்றது. அக்டோபரில் வந்த ஒருங்குறி 6.0 பதிப்பில் ₹ குறி 20பி9 என்ற எண்ணைப் பெற்றது. பின்னர் விண்டோஸ் மேம்படுத்தலில், இந்திய ஆங்கில விசைப்பலகையின் 4-ஆம் எண் விசைக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையே வேர்டு வேறொரு வழியையும் திறந்திருந்தது. 1993-இல் வந்த 6.0 பதிப்பின் தானியங்கித் திருத்தம், அடைப்புக்குள் ஆங்கில ‘சி’யைத் தட்டினால் © என்று தானாக மாற்றியது. பட்டியல் போடும்போது ‘சி’ பிரிவு வேண்டியவர்களையும் அது விடவில்லை. உடனே கண்ட்ரோல்-இசட் போட்டு மீட்டார்கள். வேர்டு 2002 பதிப்பில் ஒருங்குறி எண்ணை ஆவணத்திலேயே தட்டி ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் எண் குறியாக மாறும் வசதி வந்தது. 2014 என்று தட்டி அதை அழுத்தினால் நீளக் கோடு. குறியின் மேல் அழுத்தினால் எண் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் இதன் அழகு: எண் தெரியாதவர் குறியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டிகள் பெருகிப் பெருகி, ஆயிரக்கணக்கான குறிகளுக்குள் ஒன்றைக் கண்ணால் தேடுவதே வேலையாயிற்று. 2018 ஜனவரியில் வந்த லிப்ரே ஆபீஸ் 6.0 தன் குறிப் பெட்டியைத் திருத்தி, பெயரால் தேடவும், அடிக்கடி வேண்டியவற்றைத் தனியே வைக்கவும் வழிசெய்தது. 2019-இல் விண்டோஸ் 10-இன் எமோஜிப் பலகையில் சிறப்புக் குறிகளுக்கும் ஒரு பிரிவு வந்தது. கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அதன் உறவுகள் மேலே விரிகின்றன.

பெயரால் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. திருமண அழைப்பிதழ்களில் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று அச்சிடுவது பழைய வழக்கம். ரூபாய்க்கு ௹ கணக்கேடுகளில் இருந்தது. இவை 2003-இல் ஒருங்குறி 4.0 பதிப்பில் இடம்பெற்றன. ஆனால் ஒருங்குறி இவற்றுக்குத் தந்த அதிகாரப்பூர்வப் பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அந்தப் பெயர்களை வைத்துத் தேடும் பெட்டியில் ௳ குறியைக் கண்டுபிடிக்க, ‘தமிழ் டே சைன்’ என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.