புற்றுநோயும் உடலின் கடிவாளமும்

மனித உடலுக்கு இயற்கை அளித்த காவற்படை ஒன்றுண்டு. வெளியிலிருந்து புகும் கிருமிகளை அது இனங்கண்டு அழிக்கின்றது. ஆனால், உடலின் சொந்தக் கலங்களே நெறிகெட்டுப் புற்றாகப் பெருகும்போது அக்காவற்படை பெரும்பாலும் வாளாவிருப்பது ஏன்?

1891ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் வில்லியம் கோலி, கிருமியால் தோலழற்சி கண்ட புற்றுநோயாளர் ஒருவர் முன்னர் கட்டி கரைந்து பிழைத்ததை அறிந்தார். அக்கிருமியைப் பிற நோயாளருக்கும் ஊசிமூலம் ஏற்றினார். சிலர் தேறினர், எனினும் காரணம் விளங்கவில்லை. கதிர்ச் சிகிச்சை பரவவே அம்முறை மங்கிற்று.

1992இல் யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொஞ்சோவின் ஆய்வுக்குழுவினர், கலங்கள் தாமே மடியும் விதத்தை ஆராய்கையில் பீ.டீ.1 என்னும் வாங்கியைக் கண்டனர். அதன் தொழில் அப்போது புலப்படவில்லை. அவ்வாங்கியற்ற சுண்டெலிகள் தம் உடலையே தாம் தாக்கும் நோய்க்கு ஆளானமை 1999இல் வெளியானபோது உண்மை துலங்கிற்று: அது காவற்கலங்களின் கடிவாளம். புற்றுக்கலங்கள் அக்கடிவாளத்தைத் தாமே பற்றியிழுத்துக் காவலை அடக்கிவிடுகின்றன. அப்பிடியை விடுவிக்கும் பிறபொருளெதிரிகள் பின்னர் மருந்தாயின. வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் ஹொஞ்சோவும் 2018இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தோற்புற்றில் வெற்றி தந்த அம்மருந்து பெருங்குடற் புற்றில் ஏமாற்றமே அளித்தது. ஆயினும் முதற் சோதனையில் பெருங்குடற் புற்றாளர் ஒருவருக்கு மட்டும் நோய் முற்றாக மறைந்தது. அவ்வொருவரை விதிவிலக்கென்று ஒதுக்கிவிடாது அறிஞர் காரணம் தேடினர். பரம்பரையலகுகளைப் படியெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் அவருடைய கட்டியில் கெட்டிருந்தது. பிழைகள் மலிந்த கலம் காவலர் கண்ணுக்கு அந்நியனாகத் தோன்றும். ஆதலால், கடிவாளம் தளர்ந்ததும் தாக்குதல் எளிதாயிற்று. 2015இல் வெளியான ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. 2017இல் அமெரிக்க அரசு, புற்று எவ்வுறுப்பில் தோன்றினும் இக்குறைபாடு உண்டாயின் இம்மருந்தை வழங்கலாமென அனுமதித்தது. 2022இல், இக்குறைபாடுடைய நேர்குடற் புற்றாளர் 12 பேருக்கும் சத்திரசிகிச்சையின்றியே கட்டி மறைந்தமை அறிவிக்கப்பட்டது.

எனினும், பெருங்குடற் புற்றுக்களுள் இவ்வகையின ஏறத்தாழ நூற்றுக்கு 15 மட்டுமே. மேலும், கடிவாளம் தளர்ந்த காவற்படை சிலவேளை நலமான குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. கடிவாளத்தை இயற்கை வீணே படைக்கவில்லை. அதனை யாருக்கு, எப்போது தளர்த்துவது என்பதை அறிவதே இம்மருத்துவத்தின் நுட்பம். அதற்கு முதல் வழிகாட்டியவர் அந்த ஒரு நோயாளரே.